கொல்லையில் தேங்கும் தண்ணீருக்குப் பச்சைக் கம்பளம் போதுமா?

பெரம்பூரில் என் அக்கா வீட்டுக் கொல்லை இருபதுக்கு இருபது அடி. ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். செருப்போடு இறங்கினால் கால் மட்டும் திரும்பி வரும். போன மழைக்காலத்தில் மழை விட்டு மூன்று நாளாகியும் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அக்கா மூன்று செங்கலை வரிசையாகப் போட்டு, அதன் மேல் கால் வைத்துத்தான் துணி காயப்போட்டாள்.

அந்த வாரம்தான் மாமா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். பச்சைப் பசேலென்று செயற்கைப் புல். அதன் மேல் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்க்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீரைக் காணோம். “இதைப் போட்டுட்டா நம்ம பிரச்சினை தீர்ந்துது மாப்ள” என்று கீழே எழுதியிருந்தார்.

அந்த வாளித் தண்ணீர் எங்கே போனது என்பதை வீடியோவில் காட்டவில்லை. களிமண் கொல்லைக்குச் செயற்கைப் புல்லா, நிஜப் புல்லா, பேவர் பிளாக்கா, மண் கொட்டி மேடாக்குவதா என்று யோசிக்கிறவர்கள் முதலில் விடை தேட வேண்டியது இதற்குத்தான்.

செயற்கைப் புல் பிரபலமானதே மழை விழாத ஓர் இடத்தில். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965-இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கைத் திறந்தார்கள். கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள், கீழே நிஜப் புல். மேலே போகும் பந்து வெளிச்சத்தில் தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புலம்ப, பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. 1966-இல் அந்த இடத்தில் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆக, தண்ணீர் வடிவதற்காக யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்குச் சென்னையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ‘டர்ஃப்’ மைதானங்களில் மழை பெய்த கொஞ்ச நேரத்தில் ஆட முடிகிறதே என்று கேட்கலாம். முடிகிறது. ஒழுங்காகப் போட்ட மைதானத்தில் அதற்கான வேலை புல்லுக்கு அடியில் நடந்திருக்கும்.

சரி, மண்ணிலிருந்து தொடங்குவோம். சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் மணல். அங்கே எவ்வளவு கொட்டினாலும் மண் குடித்துவிடும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் பெரும்பாலும் களி. உங்கள் மண் எது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஈரமண்ணை ஒரு பிடி எடுத்து, பென்சில் மொத்தத்துக்கு உருட்டி, வளையல் போல வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் களி. அக்கா வீட்டு மண் வளையலும் ஆனது. மிச்சத்தில் அவள் பேத்தி ஒரு பிள்ளையாரே பிடித்துவிட்டாள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணற்பாங்கான நிலத்தில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். களியில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். குழியின் பக்கச் சுவர் வழியாகவும் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் கண்ணில் தெரிவது நிஜத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்குப் பிறகும் ஆமை வேகம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

இனி கணக்கு. 400 சதுர அடிக் கொல்லையில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 1,850 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் இது ஒரு மாலை நேரத்துச் சங்கதி. களிமண் மணிக்கு 5 மி.மீ. குடித்தாலும் 185 லிட்டர்தான் உள்ளே போகும். அதுவும் அந்த மண்ணின் நல்ல நாளில்.

ஆனால் அக்கா வீட்டில் பெரிய திருடன் வேறு இடத்தில் இருந்தான். மொட்டை மாடி 1,000 சதுர அடி. அதிலிருந்து இறங்கும் இரண்டு குழாயும் கொல்லையில்தான் வாய் திறந்திருந்தன. அதே 5 செ.மீ. மழைக்கு மாடியிலிருந்து மட்டும் 4,600 லிட்டர். வானத்திலிருந்து நேராக விழுவதைப் போல இரண்டரை மடங்கு! இத்தனை வருஷம் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தோம். மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது இந்த வீட்டிலும் ஒரு குழாயைக் கிணற்றுக்கு இழுத்திருந்தார்கள். இடையில் எப்போதோ பெயின்ட் வேலை நடந்தபோது அதைக் கழற்றிப் போட்டவர்கள் திரும்ப மாட்டவில்லை.

எனவே எந்தப் புல் என்று பேசுவதற்கு முன்னால், மாடித் தண்ணீரைக் கொல்லையிலிருந்து வெளியேற்றுங்கள். கிணறோ சம்ப்போ இருந்தால் வடிகட்டி வைத்து அதில் விடலாம். கொஞ்சம் பிவிசி பைப், நாலு எல்போ, ஒரு பிளம்பரின் அரைநாள் கூலி. பல வீடுகளில் பிரச்சினை பாதிக்கு மேல் இதோடு முடிந்துவிடும்.

அப்புறமும் மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் கீழே சொல்வது.

முதலில் மாமாவின் புல். சுருட்டி வரும் செயற்கைப் புல்லின் அடிப்பாகம் ரப்பர் போன்ற ஒரு பூச்சு. அதில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தண்ணீர் அந்தத் துளை வழியாக அடியில் இறங்கும். அடியில் ஜல்லி இருந்தால் ஜல்லிக்குள் போகும். நேராகக் களிமண் இருந்தால் களியின் மேல் நிற்கும். முன்பு கண்ணுக்குத் தெரிந்த குட்டை இப்போது கம்பளத்துக்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான். மிதித்தால் சளக்கென்று கேட்கும். இரண்டு வாரத்தில் ஊறிய சாக்கு நாற்றம் அடிக்கும்.

முறையாகப் போடுகிறவர்கள் அரை அடிக்குக் குறையாமல் மண்ணை வெட்டி எடுப்பார்கள். களி மேலே ஏறி ஜல்லிக்குள் புகாமல் இருக்க ஒரு ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன் மேல் 20 எம்எம் ஜல்லி, அதற்கு மேல் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி போட்டுத் தட்டி இறுக்கி, கடைசியாகப் புல்லை விரிப்பார்கள். 400 சதுர அடிக்கு அரை அடி கனம் என்றால் 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட் ஜல்லி. வெட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போக வண்டி வேறு. சந்துக்குள் லாரி வராத வீடாக இருந்தால் அத்தனையும் பாண்டு சட்டியில் தலைச்சுமைதான்.

ஜல்லிக்கு இடையில் உள்ள வெற்றிடம் நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொண்டால், அந்த அரை அடிப் படுகை 6 செ.மீ. மழையைத் தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரம்பிய படுகை காலியாக வேண்டுமே? அடியில் இருப்பது அதே களி. மணிக்கு 3 மி.மீ. என்றால் 20 மணி நேரம், 1 மி.மீ. என்றால் 60 மணி நேரம். கார்த்திகை மழை அவ்வளவு நேரம் காத்திருக்காது. மறுநாள் சாயங்காலமே அடுத்தது வந்து நிற்கும். வெளியேற வழி இல்லாத ஜல்லிப் படுகை வெறும் தொட்டி. நீங்கள் ஜல்லி போட்டு ஒரு நீச்சல் குளம் கட்டி, அதற்குப் பச்சை மூடி போட்டிருக்கிறீர்கள்.

ஆகவே படுகைக்குள் துளை போட்ட நாலங்குல பைப் ஒன்று, துணி சுற்றி, வாட்டத்தோடு, அதாவது சரிவோடு, வெளியே போயாக வேண்டும். அடிக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) வாட்டம் போதும். இருபதடிக்கு இரண்டரை அங்குலம். மேஸ்திரி கண்ணாலேயே பார்த்து “வாட்டம் இருக்கு சார்” என்று சொன்னால் நம்பாதீர்கள், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடிக்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் பிடித்துப் பார்த்தபோதுதான் கொல்லை முழுக்க வீட்டுச் சுவரை நோக்கிச் சரிந்திருப்பது தெரிந்தது. அதுவரை வீட்டைவிட்டு வெளியே சரிகிறது என்று எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் ஒன்று உறைத்தது. துணி, ஜல்லி, பைப், வாட்டம், வெளியேறும் வழி என்று தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பதெல்லாம் அடிவேலை. அதைச் செய்துவிட்டால் மேலே எதைப் போட்டாலும் வடியும். செய்யாவிட்டால் எதைப் போட்டாலும் நிற்கும். எனவே செயற்கைப் புல்லை வாங்குவதா வேண்டாமா என்பதற்கும் தண்ணீர் தேங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. வேறு காரணங்களுக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

அந்த வேறு காரணங்கள் சிலருக்கு நிஜமாகவே பெரியவை. நிஜப் புல்லில் கொரியன் புல் அழகுதான், ஆனால் கோடையில் நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர் கொடுத்தால்கூட 400 சதுர அடிக்கு 185 லிட்டர் ஆகிறது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பார்வையே தனி. நிழலிலும் கொரியன் புல் சரியாக வராது, திட்டுத் திட்டாக உதிரும். கட்டடங்களுக்கு நடுவே வெயிலே படாத சின்ன இடமாக இருந்தால் செயற்கைப் புல்லுக்கு என் ஓட்டு உண்டு. சேறு மிதிக்காமல் குழந்தை விளையாடும், களை பிடுங்கும் வேலையும் இல்லை.

வெயில் படும் இடம் என்றால் கதை வேறு. நிஜப் புல் வேர் வழியாகத் தண்ணீர் குடித்து இலை வழியாக ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சித்திரையில் நண்பர் ஒருவர் வீட்டில் நாலு மணிக்கு வெறுங்காலோடு அதன் மேல் இறங்கினேன். இரண்டாவது அடி வைக்கவில்லை, குதித்துத் திண்ணைக்கு வந்துவிட்டேன். தண்ணீர் தெளித்தால் குளிரும், கொஞ்ச நேரத்துக்கு. தண்ணீர் மிச்சம் பிடிக்க வாங்கியதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் செயற்கைப் புல் பக்கமே போகாதீர்கள். அந்தப் பொடி இலை புல் இழைகளுக்குள் இறங்கிவிட்டால் துடைப்பத்துக்கு வராது. மழையில் மட்கித் துளைகளை அடைத்துக்கொள்ளும். நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சிறுநீர் கீழே இறங்கி, வடிய வழியில்லாமல் களியின் மேல் நின்றால் நெடி தாங்காது. இன்னும் ஒன்று: பத்துப் பதினைந்து வருஷத்தில், நம்மூர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரமாகவே, அது வெளுத்து இழை உதிரும். உதிர்ந்தது பிளாஸ்டிக் துகளாகத் தண்ணீரோடு போகும். விளையாட்டு மைதானப் புல்லுக்கு இடையில் நிரப்பும் ரப்பர் துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி போட்டு, 2031-க்குள் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போடும்போது ரப்பர் துகள் தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மண் கொட்டி மேடாக்குவது நம்மூரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நாலு லோடு செம்மண், முடிந்தது வேலை! ஆனால் தண்ணீர் மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போகும், இல்லை உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கே வரும். பழைய வீடுகளில் தரைமட்டம் ஏற்கெனவே தெருவைவிடக் கீழே போயிருக்கும். தார் மேல் தார் போட்டுச் சாலை வருஷத்துக்கு வருஷம் உயர்ந்ததன் பலன் அது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவு போட்டது. அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான். சுவர் ஓரத்தில் மண்ணை ஏற்றினால் ஈரம் சுவரில் ஏறும், அடுத்த பொங்கலுக்கு உள்ளே பெயின்ட் உரியும். இதை நான் கடைசி இடத்தில் வைப்பேன். களியில் ரெண்டு சட்டி மணல் கலந்தால் இளகிவிடும் என்பதும் இதே ரகம். பாதிக்குப் பாதி மணல் போட்டால் ஏதாவது மாறலாம். கொஞ்சமாகப் போட்டால் காய்ந்த பிறகு செங்கல் போல இறுகும்.

பேவர் பிளாக் மோசமில்லை. ஆனால் அது தண்ணீரை உறிஞ்சாது, தள்ளும். வாட்டமும் வெளியே போகும் வழியும் இருந்தால் சுத்தமாக வடிந்துவிடும். கார் நிறுத்த, துணி காயப்போட இதுதான் வசதி. இடைவெளியில் சிமென்ட் பூசாமல் சிப்ஸ் நிரப்பச் சொல்லுங்கள். சூடு இதற்கும் உண்டு. பச்சை வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது.

என் மனசுக்குப் பிடித்தது இன்னொன்று. தண்ணீர் எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுவது. கொல்லையின் தாழ்ந்த மூலையில், வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, ஓரடிப் பள்ளமாக வெட்டி, மட்கிய எருவும் தென்னை நார்க்கழிவு உரமும் கலந்து, கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் நட்டுவிடலாம். இவையெல்லாம் நின்ற தண்ணீரைச் சமாளிக்கும். ஒன்றிரண்டு நாளில் வற்றிவிட்டால் போதும். வெட்டிவேர் ஆழமாக இறங்கிக் களியில் வழி போட்டுக்கொடுக்கும். ஆனால் ஒரே மழைக்காலத்தில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். மீதி இடத்தில் கொரியன் புல்லுக்குப் பதில் பொடுதலை. வயல் வரப்பில் தானாக வளர்கிற அதே பொடுதலை. களி, ஈரம், வறட்சி மூன்றையும் தாங்கும், தரையோடு படரும், கத்தரிக்கிற வேலை குறைவு, சின்ன வெள்ளைப் பூ பூக்கும். தேனீ வரும் என்பதால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். மிதித்து விளையாட அருகம்புல் மேல்.

கடைசியாக, எல்லா வழிக்கும் பொதுவான அந்த வெளியேறும் இடம். தெருவில் மழைநீர் வடிகால் இருந்து, அது உங்கள் பைப்பைவிடத் தாழ்வாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பாதாளச் சாக்கடையில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். விதிப்படித் தவறு என்பது ஒரு பக்கம். பெருமழையில் சாக்கடை நிரம்பினால் அது திரும்பி வருவது உங்கள் கழிவறை வழியாகத்தான். வடிகால் உயரமாக இருந்தால் மூலையில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, டுல்லு மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதுதான். மின்சாரம் நிற்கிற நாளில் இது கைவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உறைகிணறு இன்னொரு வழி. மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழம் என்றால் மூவாயிரம் லிட்டர் கொள்ளும். மந்தைவெளியில் மழைநீர் சேகரிப்புக்காக ‘மழை மையம்’ நடத்தும் சேகர் ராகவன் பல வருஷமாக வலியுறுத்துவது இந்த வகைக் கிணறுகளைத்தான். களிமண் பகுதியில் ஒன்று முக்கியம்: களி அடுக்கைத் தாண்டி மணல் தட்டும் வரை இறங்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அதுவும் ஒரு தொட்டிதான். வேண்டுமானால் கிணற்றுக்கு அடியில் ஒரு போர் போட்டு அந்த அடுக்கைத் தொடலாம். மழைக்காலத்தில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வருகிற தெருவாக இருந்தால் உறைகிணறும் நிரம்பி நிற்கும். அங்கே பைப்பும் மோட்டாரும்தான் கதி.

அக்கா வீட்டில் கடைசியில் என்ன செய்தோம்? மாடிக் குழாய் இரண்டும் பழைய கிணற்றுக்குப் போயின. வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, துணி விரித்து, துளை பைப் வைத்து, ஜல்லி போட்டு, தெரு வடிகாலில் விட்டோம். கொல்லை முழுவதையும் தோண்டவில்லை, அந்த ஒரு வாய்க்கால்தான். புல்லுக்கு மாமா வாங்கியிருந்த கொட்டேஷனில் அடிவேலை என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது “மண்ணை லெவல் பண்ணி விரிச்சுடுவோம் சார்” என்றார்கள். அதோடு அதை மடித்து வைத்துவிட்டோம். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி ஒரு மூலையைப் பள்ளமாக வெட்டிக் கல்வாழையும் சேம்பும், நடுவில் பொடுதலை. மாடிப்படிக்குக் கீழே, வெயிலே எட்டிப் பார்க்காத எட்டுக்குப் பத்து இடத்தில் மட்டும், தரைக்குச் சிமென்ட் போட்டு வாட்டம் கொடுத்து, மாமாவுக்காகச் செயற்கைப் புல். பேத்தி அங்கேதான் சொப்பு வைத்து விளையாடுகிறாள்.

இந்த ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். நடுவில் தண்ணீர் இல்லையாம். சேம்பு மூலையில் மட்டும் கொஞ்சம் நிற்கிறதாம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில் இன்னும் சேறு, வாய்க்கால் அங்கே வரை எட்டவில்லை. “அந்தச் செங்கல் மூணையும் தூக்கிப் போட்டுடாதேன்னு உங்க மாமாகிட்ட சொல்லியிருக்கேன்” என்றாள். பின்னால் மாமாவின் குரல் கேட்டது: “அங்கேயும் ஒரு துண்டு பச்சை விரிச்சுட்டா என்ன மாப்ள?”